ஓலை வாசிக்கிற மாப்பிள்ளையின் மல்யுத்த வர்ணனை

சேசு மரி சூசை

புதுச்சேரி,
3-5-1979

அன்பும் மரியாதையும் மிக்க ஆனந்தமேரி அக்காவுக்கு, தம்பி சகாயநாதன் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் ஜெயமும் மகள் லூர்துசெல்வியும் சுகம். காரைக்காலில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நீ பார்த்து முடித்த மாப்பிள்ளை அல்போன்ஸும் சுகம்தான். என் மனசுதான் சுகமில்லை.

தட்டாஞ்சாவடியில் பட்டறை வேலை, மாதா கோயில் பூசையில் வாசகமும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்கிற கல்யாண ஓலையும் வாசிக்கிற குரல், பொய் பேசத் தெரியாத வாய் என்று எழுதியிருந்தாய். அந்த மூன்றாவதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மே தினத்தன்று உப்பளத்தில் மல்யுத்தக் காட்சி, மைக்கில் வர்ணனை நம் மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு போனேன். மில்லில் இருந்த காலம் முழுக்க நான் ஒரு மல்யுத்தத்தையும் விட்டதில்லை. அடி பாதி, அதை மைக்கில் பெரிதாக்குவது மீதி. போன வருஷத்து வர்ணனையாளர், பயில்வான் இடுப்பைச் சொறிந்ததற்கே விலா எலும்பு நொறுங்கியது என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவரை அழவைத்தார். அது வர்ணனை. நம் மாப்பிள்ளையோ, முகமூடி போட்டு வந்த 'பாக்தாத் பயங்கரனை' ஓலை வாசிக்கிற மாதிரியே, "சாமிக்கண்ணு, வீராயி இவர்களுடைய மகன் வேம்பு, பிறந்த ஊர் வீராம்பட்டினம்" என்று வாசித்தார். அடுத்து வந்த 'பாண்டிச் சிங்கம்', "சாமிக்கண்ணு, வீராயி இவர்களுடைய மகன் ராஜாங்கம்." அதோடு விட்டாரா, "இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரியப்படுத்தவும்" என்றார். பழக்கதோஷம். முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, "தடை இருக்குதுங்க. ரெண்டும் எம் புள்ளைங்க. வூட்ல ஒரே தட்டுல துன்றானுங்க" என்றாள்.

காட்சி நடத்துகிற கோவிந்தசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று அவர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை மாப்பிள்ளை அடுத்து வாசிக்க ஆரம்பித்தார். வாசகம் வாசிக்கிறவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுப்பாரா? "வேம்பு விழுகிறார்" என்றபோது வேம்பு ஒரு மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான், சொம்பை வைத்தான், விழுந்தான். ராஜாங்கம் எங்கிருந்தோ ஓடிவந்து மேலே படுத்தான். ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. நம் லூர்துசெல்வியும் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா, இந்த ஆளுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? முப்பது வருஷமாக ஜெயத்தின் மீன்குழம்பைப் பிரமாதம் என்று சொல்லித்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். இவரோ உப்பு இல்லை என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். லூர்துசெல்வியிடம், "வேணாம்மா" என்றேன். "உண்மைய சொல்ற ஆளத்தான் கட்டுவேன்பா. நீங்க அம்மாவ ஏமாத்துறது போதும்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை. தன் ஓலையைத் தானே வாசிக்கப்போகிறார். தடை உண்டா என்று கேட்டதும் நான் எழுந்து நின்று உண்டு என்று சொல்வது உறுதி. ஒரே பெண் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்குவமாக நாலு வரி எழுதிவிடு.

பெரியவர்களுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆரோக்கிய மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் தம்பி சகாயநாதன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. தடை கேட்டார், எழுந்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். "பெண்ணின் தகப்பனார் எழுந்திருக்கிறார்" என்றார் மைக்கில். கோயிலே திரும்பியது. "மகள் மேல் பாசம், அதனால் பயப்படுகிறார்" என்றார். அது உண்மை அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உட்காருகிறார்" என்றார். உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் இருபத்திமூன்றாம் தேதி, நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. இந்தக் கடிதத்தை மட்டும் மாப்பிள்ளை கண்ணில் காட்டாதே, மைக்கில் வாசித்துவிடுவார்.