தாடிக்காரன் சொன்ன சாட்சி

"ஏங்க, இங்க வாங்க. இது ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

சுங்கான்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் மனைவி அந்தச் சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுங்கான் என்றால் புகையிலை அடைத்துக் குடிக்கிற குழாய். செதுக்கியது இவரேதான். புகையிலைக் கிண்ணத்தில் ஒரு தாடிக்காரன் முகம். ஆறு மாதமாகக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்து இவரை முறைக்கிறவன். பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சரம்மா வேறு, டீயும் கையுமாக.

"வெள்ளையா இருந்தா நல்லதுதானே?" என்றார்.

"நல்லதுதான். அதான் கேக்கறேன்."

எல்லாம் ஓர் இருமலில் ஆரம்பித்தது. ஆறு மாதம் முன்னால் டாக்டர் இவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு இவரிடம் பேசவில்லை. மனைவியிடம் பேசினார். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு.

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவை. தாடிக்காரன்ல மட்டும். நிம்மதியா உக்காந்து குடிங்க. மத்த நாள் தொட்டீங்க, அவனே சொல்லிடுவான்."

சொல்லுவான். அவனைச் செதுக்கிய கல் அப்படி. கடல்நுரைக் கல் என்று பேர். கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மண்ணுக்குள்ளிருந்து தோண்டுகிறார்கள். ஊறவைத்தால் சோப்பு மாதிரி சீவலாம். காய்ந்தால் பல் மாதிரி வெளுப்பு. ஆனால் குடிக்கக் குடிக்கப் புகையை உறிஞ்சி நிறம் மாறும். முதலில் வெண்ணெய், பிறகு தேன், கடைசியில் பால் விடாத டீ. கழுவினாலும் போகாது. இருபது வருஷம் கல்தூளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா?

இவருக்கும் தெரியும். அதனால் மூளை ஓடியது. ஓடாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பது நாள் உட்கார்ந்து இரண்டாவது தாடிக்காரனைச் செதுக்கினார். தாடியில் முப்பத்தேழு சுருள். அச்சு அசல். பட்டறையில் தேன்மெழுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தார். காலையில் ஒரு தடவை குடிப்பார், மதியம் ஒன்று, சாயங்காலம் மெழுகு உருகுகிற நேரத்தில் ஒன்று. அப்புறம் வாய் கொப்பளிக்கணும். சட்டை மாற்றணும். கிராம்பு மெல்லணும். தொழிலில்கூட மனுஷன் இவ்வளவு உழைத்ததில்லை. பொய் சம்பளம் தராத முதலாளி.

ஞாயிறு வந்தால் தொண்டை உப்புத்தாள் மாதிரி இருக்கும். புகை என்றாலே குமட்டும். பயம் வேறு. பட்டறைத் தாடிக்காரன் இரண்டே மாதத்தில் தேனாகிவிட்டான். இவனுக்கும் ஒரு பொட்டு நிறம் ஏறி, அதை அவள் தப்பாக எடுத்துக்கொண்டால்? அதனால் வீட்டுத் தாடிக்காரனில் புகையிலையை அடைத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போவார். பற்றவைக்க மாட்டார். பத்து நிமிஷம் கொட்டாவி விடுவார். கொட்டிவிட்டு வருவார். வந்து மெத்தென்ற துணியால் ஒரு துடை வேறு.

"இருபத்தாறு ஞாயிறு," என்றாள் மனைவி. "அடியில ஒரு மஞ்சளாவது வேணாமா? உள்ள பாருங்க, கரிகூட இல்ல."

சுங்கான்காரர் வாயைத் திறந்தார். கைவசம் இரண்டு பதில்தான் இருந்தன. ஒன்று பொய். இன்னொன்றைச் சொல்ல முடியாது.

"அது... நான் இவன்ல குடிக்கறதே இல்ல."

"ஞாயித்துக்கிழமையும்?"

"ஞாயித்துக்கிழமையும்."

நூற்றுக்கு நூறு உண்மை. சொல்லும்போதே அழுகை வந்தது.

"பாத்தீங்களா டீச்சர்! சத்தமே இல்லாம விட்டுட்டாரு மனுஷன்!"

டீச்சரம்மா டீயைக் கீழே வைத்தாள். "அண்ணா, எங்க வீட்லயும் ஊதற ஆள் ஒண்ணு இருக்கே. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. எப்படி முடிஞ்சுது?"

"பல்லக் கடிச்சுக்கிட்டு," என்றார். இப்போதும் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப இவன் இனிமே எதுக்கு?" மனைவி தாடிக்காரனைத் துணியில் சுற்றினாள். "டாக்டர்கிட்ட குடுத்துடலாம். மேஜையில வெச்சு வரவங்களுக்கெல்லாம் காட்டட்டும்."

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு..."

"விட்டத ஏங்க மறுபடி தொடணும்?"

போகட்டும், பட்டறையில் ஒருத்தன் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். டீச்சரம்மா தெருவைத் தாண்டும்வரைதான் அந்த ஆறுதல்.

"ஏங்க, மெழுகு டப்பாக்குப் பின்னால ஒரு தாடிக்காரன் இருந்தானே, தேன் நிறத்துல. யாரோடது?"

"அது ஒரு... ஆர்டர். மெழுகு பூச வந்தது."

"நானும் மொதல்ல ஆர்டர்னுதான் நெனச்சேன். ஆனா கேட்டு ஒருத்தரும் வரல. குடிக்காதவருக்கு எதுக்கு அது? எங்க அண்ணன் பத்து வருஷமா கேக்கறாரு, மாப்பிள்ளை கையால ஒண்ணு வேணும்னு. காலையில நீங்க வெளிய போனப்ப வந்தாரு. குடுத்தனுப்பிட்டேன்."

அவள் சிரிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. சுங்கான்காரர் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கை காலி. வாயில் ஒரு கிராம்பு. யோசித்துப் பார்த்தார். குடிக்கவே கூடாது என்று அவள் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை நிம்மதியாக உட்கார்ந்து குடிங்க என்றுதான் சொன்னாள். அந்த ஒன்றைத்தான் இவர் ஒரு ஞாயிறுகூடச் செய்யவில்லை.