கீரனூருக்குப் போன சாம்பல் மாப்பிள்ளை

ஆண்கள் முகத்துக்கு எதுவும் பூசிக்கொள்வதில்லை என்பது பச்சைப் பொய். பூசுகிறோம். கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பூசுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் செல்போன் ரிப்பேர் கடை. முகத்தில் எண்ணெய் வழிவது எனக்குப் பிறவியிலேயே அமைந்த செல்வம். சரி செய்த போனைக் காதில் வைத்துச் சோதித்தால், திரையைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே தலையில் பொடுகு. (கறுப்புச் சட்டை போட்டு வருடக்கணக்காகிறது.)

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. இன்னொரு வீட்டில், ‘மாப்பிள்ளை மூஞ்சி என்ன இப்படி மினுமினுக்குது’ என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக வந்தது பழனிப் பக்கம் கீரனூர்.

“இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா, இனி ஒரு தரகர்கிட்டயும் போயி நிக்க மாட்டேன் அப்பு. என்னால ஏலாது” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னாள்.

அப்படித்தான் விட்ச் ஹேசலிடம் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்கப் பக்கம் வளரும் ஏதோ ஒரு புதர். அதன் பட்டைச் சாறு முகத்தின் எண்ணெயை அடக்கும், தலையின் பொடுகையும் அடக்கும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஆன்லைனில் வரவழைத்தேன். பழுப்பு நிறத்தில், கடுங்காப்பி மாதிரி ஒரு பாட்டில். பெயரின் முன்பாதிக்குச் சூனியக்காரி என்று அர்த்தம் என அக்கா சொல்லித் தொலைத்ததால், அம்மா அதைச் சாமி அலமாரிப் பக்கமே விடவில்லை.

சாற்றோடு பன்னீரும் கற்றாழையும் சேர்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் கலக்கச் சொன்னாள் வீடியோக்காரி. கண்ணாடிக் கிண்ணம் எதற்கு? வீடியோவில் அழகாகத் தெரியத்தான் என்று நானே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் தலைக்குப் போடுகிற எதுவும் இரும்புச் சட்டியில்தான் ஊறும். அம்மா மருதாணியை டீ டிகாஷன் விட்டு அதில்தான் ஊற வைப்பாள். அப்போதுதான் நரைமுடியில் நன்றாகக் கறுத்துப் பிடிக்கும் என்பாள். அந்த ‘கறுத்துப் பிடிக்கும்’ என்ற சொல் எனக்கு ஏன் உறைக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கே புரியவில்லை. முகத்துக்கும் தலைக்கும் சேர்த்து மொத்தத்தையும் இரும்புச் சட்டியில் ஊற்றி மூடி வைத்தேன்.

பெண் பார்க்கப் போகிற அன்று காலையில் திறந்தால் உள்ளே மை. பழுப்பு எங்கே போனது? குழம்பினேன். ஆனால் குழப்பம் வந்தால் நிறுத்துகிற ஆள் நான் இல்லை. சத்தெல்லாம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு, தலைக்கும் முகத்துக்கும் தாராளமாகப் பூசி, ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

கழுவினேன். போகவில்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஏறியது.

“ஏலே, என்னலே மூஞ்சி இம்புட்டு அலங்கோலமா இருக்கு!” அம்மா நெஞ்சில் கை வைத்தாள். “அந்தச் சூனியக்காரி மருந்தா?”

அக்கா சிரிப்பை அடக்கியபடி பவுடர் டப்பாவைக் காலி செய்தாள். கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் பூத்த பூசணிக்காய் ஒன்று சட்டை போட்டு நின்றது. நல்ல நேரம் பத்தரைக்கு மேல். தள்ளிப்போட வழியில்லை. வாடகைக் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் வியர்த்தது. ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் பவுடர் முழுக்க என் கைக்குட்டைக்கு மாறிவிட்டது.

பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“ஏனுங்க தம்பி, வர்ற வழியில வண்டி ஏதும் ரிப்பேருங்களா?”

காருக்கடியில் படுத்து எழுந்து வந்தவன் என்று நினைத்துவிட்டார். நான், “ஆமாங்க” என்றேன். அதே நொடியில் அம்மா, “அவனுக்கு வெயில் சேராது” என்றாள். அக்கா, “இங்க் பேனா ஒழுகிருச்சுங்க” என்றாள். அவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் காரைப் பார்த்தார். அது தேர் மாதிரி பளபளவென்று நின்றது.

உள்ளே உட்கார்ந்தோம். அம்மா தலையைக் குனிந்து புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னால்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் அதுவும் கறுப்பாக வழியுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

பெண் காபி கொண்டுவந்தாள். பெயர் கவிதா. திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சோதனைக்கூடத்தில் வேலை. டம்ளரை வாங்க நீட்டிய என் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் இல்லை, கோபமும் இல்லை. தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவளின் பார்வை.

“பட்டைச் சாறு எதையாச்சும் இரும்புச் சட்டியில ஊற வெச்சீங்களாங்க?”

கூடமே திரும்பியது. மாட்டிக்கொண்ட திருடனைப் போலத் தலையாட்டினேன்.

“ஆவாரம்பட்டை போட்டு ஊற வெச்ச தோலு மேல ஒரு ஆணி விழுந்தாக்கூடப் போதுமுங்க. பட்டைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா இதே மாதிரிதான் கறை புடிச்சுக்கும்.” அம்மாவிடம் திரும்பி, “பயப்படாதீங்கம்மா. எலுமிச்சம்பழத்துல போயிரும்” என்றாள்.

பெண் பார்க்கப் போன வீட்டின் வாசல் குழாயடியில், பெண் வீட்டார் வரிசையாக நின்று பார்க்க, மாப்பிள்ளை பாதி எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு நின்ற காட்சி எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பரு இருந்த இடமெல்லாம் காந்தியது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக என் முகம் எனக்கே திரும்பக் கிடைத்தது.

துண்டை நீட்டியபடி அவள் அப்பா கேட்டார்: “அப்ப வண்டி ரிப்பேரு இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குத் தம்பி ஆமான்னீங்க?”

“தெரியலீங்க” என்றேன். அன்று நான் தயங்காமல் பேசிய ஒரே உண்மை அதுதான். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். நான்காம் நாள் சம்மதம் என்று போன் வந்தது. அம்மா அழுதாள். எனக்கோ அந்தக் காலையில் சட்டியில் மையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய குழப்பம்.

கல்யாணச் சீரில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. இரும்புச் சட்டி மட்டும் இல்லை. இன்றைக்கும் நான் களைத்துப்போய் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால், “மாப்ளே, வண்டி ரிப்பேருங்களா?” என்பார். இப்போது என் மகளும் அதையே கேட்கப் பழகிவிட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகும் எதற்குச் சம்மதம் சொன்னாய் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது கவிதாவிடம் கேட்டுவிடுகிறேன். அவள் சொல்வது ஒரே பதில்தான்.

“சாம்பிள் எடுத்தாச்சுங்க. ரிப்போர்ட் இன்னும் வரலீங்க.”