நாவற்கொட்டையும் நீர்த்த ரசகுல்லாவும்

வங்காளத்துச் சந்தன்நகரில் நோயாளி இல்லாத வீடு இருக்கலாம். ஹோமியோபதி மருந்துப்பெட்டி இல்லாத வீடு இராது. அத்தகைய ஊரில் மருத்துவர் இருவர் மோதிக்கொண்டால் கூட்டத்துக்கு என்ன குறை? ஞாயிற்றுக்கிழமை காலை, லூச்சிப் பூரி தின்ற கையோடு, மிதமான குளிருக்கும் அஞ்சிக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, ஊர் முழுவதும் ஆற்றங்கரைக் கிளப்பில் திரண்டிருந்தது. பழைய மருந்து சிறந்ததா, புதிய மருந்து சிறந்ததா என்பது அன்றைய வழக்கு.

பழைமையின் பக்கம் நீலகண்ட கோஷால். நீரிழிவுக்கு அவர் தந்தது நாவற்கொட்டை. அதன் சாற்றில் ஒரு துளியை நூறு துளி நீரில் கலந்து குலுக்கி, அதில் ஒரு துளியை மீண்டும் நூறில் கலந்து, நாவலின் நினைவுகூட எஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்திருந்தார். புதுமையின் பக்கம் அர்க்யகமல் லாஹிரி. இனிப்பு நோயை இனிப்பே தீர்க்கும் என்று கண்டு, ரசகுல்லாப் பாகை அதே முறைப்படி நீர்க்கச் செய்திருந்தார். இரண்டும் இறுதியில் சொட்டப்பட்டது வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளின் மேல். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையில் வைத்து மருந்து தருவதைக் கண்டு எவரும் வியக்கவில்லை. வியப்பு, சிந்திப்பவர்களுக்கு மட்டுமே வரும் கோளாறு.

ஒப்பீட்டின் தலைமை நோயாளி, படகுத்துறைச் சீட்டு அலுவலர் பவதோஷ் சர்க்கேல். முதலில் நாவலையும் பிறகு ரசகுல்லாவையும் உண்டவர். ஒப்பீடு கெடாதிருக்க இன்சுலின் ஊசியை நிறுத்தியிருந்தார். கால் சுண்டுவிரலில் தோன்றிய புண், விரலை மெல்லத் தின்றுகொண்டிருந்தது. ஊசியை உடனே தொடங்காவிட்டால் காலை எடுக்க நேரும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மனைவி கேத்தகி கெஞ்சிப் பார்த்தார்.

"யாரு ஜெயிக்கிறாங்கன்னு தெரியட்டும் கேத்தகி. நடுவுல விட்டா மரியாதையா இருக்குமா?"

"கால் போயிட்டா மரியாதை எதுல நிக்கும்?"

மேடையில் கோஷால் அந்தக் காலைத் தூக்கிக் காட்டினார். "நல்லா பாருங்க. புண்ணு பெருசாகுது. உள்ள பதுங்கியிருந்த நோய் வெளிய வருது. எல்லாம் நாவலோட வேலை."

"வெளிய இழுத்தது என் ரசகுல்லா, அண்ணா," என்றார் லாஹிரி. "உங்க மருந்தைச் சாப்பிட்டப்போ புண்ணு சும்மாதானே கிடந்துச்சு?"

கைதட்டல் எழுந்தது. ஒருவர் கால் அழுகுவதற்கு இருவர் உரிமை கோரும் காட்சி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

கேத்தகி எழுந்தார். "டாக்டர்பாபு, ஒரு சந்தேகம். நோயில்லாதவங்க இதைச் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"எங்க வைத்தியத்துக்கே அதுதானம்மா அஸ்திவாரம்," என்று கோஷால் மகிழ்ந்தார். "நல்லா இருக்கிறவன் நாவலைச் சாப்பிட்டா அப்பவே நாக்கு வறண்டுபோகும்."

"ரசகுல்லான்னா காரணமே இல்லாம கண்ணு கலங்கும், அண்ணி," என்றார் லாஹிரி.

"நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? ஒரு தட்டு கொண்டாரேன். சாப்பிட்டு, அதுல இருக்கிறது எதுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னவர் மருந்தையே இவர் ஆயுசுக்கும் சாப்பிடட்டும். ரெண்டு பேரும் தப்பாச் சொன்னா, இன்னிக்கே ஊசி."

கூட்டம் தலையசைத்தது. கூட்டம் அசைத்ததால் பவதோஷும் அசைத்தார்.

கிளப் செயலாளர் பிமலேந்து நாக் என்பவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு திரைக்குப் பின்னே சென்ற கேத்தகி, ஒரு தட்டு உருண்டைகளோடு திரும்பினார். கோஷால் சிலவற்றை வாயிலிட்டார், உதட்டை நக்கினார், தண்ணீர் கேட்டார். "சந்தேகமே இல்ல. நாவல்."

லாஹிரியும் அதே தட்டிலிருந்து உண்டார். கைக்குட்டை கண்ணுக்குப் போனது. "மன்னிக்கணும், அண்ணா. ரசகுல்லா."

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் ஒருவர், எதையும் உண்ணாமலே விம்மினார்.

பிமலேந்து தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் உறையை உயர்த்திப் பிடித்தார். "இது காலையில அண்ணி மருந்துக் கடையில வாங்குன வெறும் உருண்டைங்க. எந்த மருந்தும் சொட்டல. ஒட்டியிருந்த உறையை நான்தான் பிரிச்சேன்."

முதலில் மீண்டவர் லாஹிரி. "கடையில மருந்துக் குப்பிங்க பக்கத்துல இருந்திருக்கும். வீரியம் பரவிடும், அண்ணி."

"அந்தக் கடைக்காரர் குப்பிங்க நடுவுலதான் நாள் பூரா உட்கார்ந்திருக்காரு. அவரே தினம் இன்சுலின் போட்டுக்கிறாரு."

பவதோஷ் மனைவியைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா நான் சாப்பிட்டது?"

"சர்க்கரை. சர்க்கரை வியாதிக்கு."

அவர் ரிக்‌ஷாவைக் கூப்பிடச் சொன்னார். ரிக்‌ஷா நேரே மருத்துவமனைக்குப் போயிற்று.

கால் தப்பியது, சுண்டுவிரல் தப்பவில்லை. விரல் போனதற்குக் காரணம் எதிராளியின் மருந்தே என்று இருவரும் இன்றும் வாதிடுகிறார்கள். கேட்பதற்குக் கூட்டமும் கூடுகிறது, குல்லாயோடு. குல்லாய்க்கு உள்ளே இருப்பதையும் அவ்வப்போது பயன்படுத்தினால் தேய்ந்துவிடாது. சோதித்துப் பாராமல் எதையும் விழுங்குபவர் நோயாளி அல்லர், இரை.