குழாய் இல்லாத வண்டி

உலகம் சூடாகிக்கொண்டிருந்தபோது வல்லரசுகள் எல்லாம் கையைப் பிசைந்தன; காரைக்குடி மட்டுமே களத்தில் இறங்கியது. இதை வரலாறு எழுதாமல் விட்டால், குற்றம் வரலாற்றினுடையது. 1998 ஜூலையில் உதயமான எங்கள் 'நகரப் புகை ஒழிப்புக் குழு'வில் நான் 'தொழில்நுட்ப எழுத்தர்'. அதாவது, புகை மீட்டரைச் சுமப்பவன்.

குழுவில் மூன்று பெரிய மனிதர்கள். ஒரே காரில் போகலாமே என்றேன். முன்சீட்டில் யார் உட்காருவது என்று இரண்டு கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. ஆகவே எரிபொருள் சிக்கனத் தீர்மானத்தை நிறைவேற்றிய கையோடு, மூன்று அம்பாசிடர்களில் சோதனைக்குக் கிளம்பினோம்.

செக்காலை ரோட்டில் நின்று லாரிகளுக்குக் கைகாட்டினோம். லாரிக்காரர்களும் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரியாதை தெரிந்து நின்றது ஒரே வண்டி, சூசைமரியானின் சைக்கிள் ரிக்‌ஷா.

"புகைச் சான்றிதழ் இருக்காய்யா?" என்றார் தலைவர் குமரப்பன்.

"இது மிதிக்கிற வண்டி சார். புகையே வராது."

"அது சோதிச்சாத்தானய்யா தெரியும்!"

நான் மீட்டர் குழலோடு ரிக்‌ஷாவை மூன்று முறை சுற்றி வந்தேன்.

"என்ன சார் தேடுறீக?"

"புகைக்குழாய்."

"அது இல்லையே சார்."

தலைவர் முகம் கறுத்தது. "குழாயைக் கழட்டி எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

படிவத்தில் 'புகையின் அளவு' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. அது விதி. எனவே குழலை ரிக்‌ஷாவின் பின்சக்கரத்தருகே பிடித்தேன். முள் துள்ளி எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது!

பின்னால் எங்கள் மூன்று கார்களும் உறுமிக்கொண்டு நின்றன. அணைத்தால் மறுபடி கிளம்பாத ரகம் அவை. இருந்தாலும் அறிவியல் அறிவியல்தான். முள் காட்டியதைச் சூசைமரியான் பெயரில் எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

"வண்டி பறிமுதல். குழாயை மாட்டிட்டு வந்து மீட்டுக்க."

"நாளைக்குக் காலையில பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏத்தணும் சார். இத விட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல. அந்தப் புகை யாரோடதுன்னு நீங்களே பாத்தீகள்ல?" அவர் தலைவரிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ரிக்‌ஷாவை ஒரு டீசல் லாரியில் ஏற்றி அனுப்பினோம். ஊரின் 'அதிகப் புகை கக்கும் வாகனம்' ஒழிந்தது என்று தலைவர் பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய கார் தானாகவே நின்றுவிட்டது.

"சூசைமரியான், இங்குட்டு வந்து ஒரு தள்ளுத் தள்ளுய்யா!"

வண்டியைப் பறிகொடுத்த மனுஷன் வந்து தள்ளினார். கார் இரண்டு முறை இருமி உயிர் பிழைத்து, அவர் முகம் முழுக்கக் கரியை அப்பிவிட்டுப் பறந்தது.

மீட்டர் அப்போதும் என் கையில்தான் இருந்தது. அதன் சுவிட்சை நான் முன்னமே அணைத்து வைத்திருந்தேன்.