ஊது ஏட்டின் மூக்கு

மதராஸ் ராஜ்யத்துக்கும் மைசூர் ராஜ்யத்துக்கும் எல்லை எங்கே இருந்தது என்று கேட்டால், சர்வேக்காரர் ஒரு கல்லைக் காட்டுவார். பஸ் கண்டக்டர் ஒரு சாவடியைக் காட்டுவார். நான் ஊது ஏட்டின் மூக்கைக் காட்டுவேன். ஐம்பதுகளில் அந்த மூக்கைத் தாண்டாமல் ஒரு குடிகாரனும் ஓசூர் போய்ச் சேர்ந்ததில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் பக்கம் முழுக்க மதுவிலக்கு. பெங்களூரில் அது கிடையாது. ஓசூரில் பஸ் ஏறி ஒரு சோம்பல் முறித்தால் பெங்களூர். ஆகவே எங்கள் ஜில்லா ஜனங்கள் புளி விற்க, மாடு பார்க்க, பல் பிடுங்க என்று ஏதாவது ஒரு காரணத்தோடு பெங்களூர் போவார்கள். காரணம் பத்து நிமிஷத்தில் முடியும். மீதிப் பொழுது எங்கள் பாரில் கழியும்.

நான் அங்கே சப்ளையர். காவேரிப்பட்டினத்தில் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, படிப்புக்கு நான் லாயக்கில்லை என்று படிப்பே சொன்னபிறகு வந்த வேலை. பகலில் கண்ணாடி கிளாஸ் துடைப்பது, பொரிகடலைக்கு வெங்காயம் நறுக்குவது. விளக்கு வைத்ததும் மேசைக்கு மேசை ஓடுவது. அழுகிறவனுக்கு "ஆமாங்க", சண்டை போடுகிறவனுக்கு "வுடுங்க", பாடுகிறவனுக்கு "ஆகா". இந்த மூன்று சொல் போதும், பாரில் நாற்பது வருஷம் தள்ளலாம்.

குடிப்பதில் சிரமமில்லை, திரும்புவதில்தான் சிரமம். எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, போலீஸ்காரர் ஏறி, ஒவ்வொருவர் வாயையும் முகர்ந்து பார்ப்பார். வாசம் வந்தால் இறக்கிவிடுவார்கள். பிறகு டாக்டர், கோர்ட்டு, கவர்ன்மெண்டு உத்தியோகமாக இருந்தால் அதுவும் போச்சு. இதற்குப் பயந்து ஓசூர்க்காரர்கள் வருவது குறைய ஆரம்பித்தது. எங்கள் முதலாளி கன்னடக்காரர், கெட்டிக்காரர். அந்தச் சாவடியிலேயே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஏட்டைப் பிடித்துவந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டார்.

அவர்தான் ஊது ஏட்டு. ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரிக்காரர். ஆறடி உயரம். மீசையின் இரண்டு நுனியும் இரண்டு ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாலு வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஓசூர் கடைசி பஸ்ஸுக்கு அரைமணி இருக்கும்போது ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "லைன்!" என்று ஒரு அதட்டல் போடுவார். நிலம் பத்து ஏக்கர் வைத்திருக்கிற கவுண்டரும், அவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவனும் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். அந்த ஒரு வரிசையில்தான் எங்கள் ஜில்லாவில் சமத்துவம் இருந்தது.

"ஊது."

ஊதுவார்கள். ஏட்டு கண்ணை மூடி, மீசை லேசாக ஆட, தீர்ப்புச் சொல்லுவார். மூன்றே தீர்ப்பு. "பாஸ்" என்றால் பஸ் ஏறலாம். "நட" என்றால் மார்க்கெட்டை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து ஊத வேண்டும். "ராத்தங்கல்" என்றால் பின்கட்டில் பாய்.

ஒரு தடவை தேன்கனிக்கோட்டைப் புளி வியாபாரி ஒருவர் பச்சை வெங்காயத்தை மென்றுவிட்டு வந்து ஊதினார்.

"என்னாய்யா இது?"

"வாசம் தெரியக் கூடாதுன்னுங்க, ரெண்டு வெங்காயம்..."

"இப்ப சாவடில என்னா எழுதுவான் தெரியுமா? சாராயமும் குடிச்சான், தொட்டுக்க வெங்காயமும் தின்னான்னு எழுதுவான். போ, ராத்தங்கல்!"

"ஊட்ல பொண்டாட்டி பாத்துக்கினு இருப்பா ஏட்டய்யா."

"அவ மூக்குக்கு நான் ஜவாப்தாரி இல்ல. சாவடி மூக்குக்குத்தான் ஜவாப்தாரி."

ஒரு சனிக்கிழமை பதினோரு பேர் வரிசையில் நின்று பதினோரு பேரும் பாஸ். அதுவரை நடக்காத அதிசயம். ஏட்டுக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் எதிரே நின்ற பஸ்ஸின் முன்பக்கம் நின்று டிரைவரைப் பார்த்து, "ஊது" என்றார். டிரைவர் எங்கள் பாரின் பின்வாசல் வாடிக்கை. "ராத்தங்கல்!" வேறு டிரைவர் இல்லை. பஸ் நின்றுவிட்டது. பாஸான பதினோரு பேரும் திரும்பி வந்து, பொழுது போக வேண்டுமே என்று மறுபடி உட்கார்ந்தார்கள். ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பாய் விரித்தேன். முதலாளி ஏட்டின் கையைப் பிடித்து, "ஏனப்பா ஏட்டு, நீ தேவரு அப்பா, தேவரு!" என்று, சாமியையே கண்ட மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதெல்லாம் சிரிப்பு. அந்த ஸ்டூலுக்கு அவர் வந்த கதை சிரிப்பில்லை.

சாவடியில் வேலை பார்த்தபோது ஒரு நாள் ஜீப்பில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். மற்றவர்கள் சல்யூட் அடித்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். இவரும் சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்கிவிட்டு, "கொஞ்சம் ஊதுங்கய்யா" என்றார்.

"ஏண்ணா அப்பிடிக் கேட்டீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"வாசம் வந்துச்சு, கேட்டன். மூக்குக்கு யாரு பெரியவரு, யாரு சின்னவருன்னு தெரியுமா?"

அதிகாரி ஊதவில்லை. ஒரு வாரத்தில் காகிதம் வந்தது. ஏட்டு பணி நேரத்தில் குடித்திருந்தார், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்தார், ஆகவே நீக்கம். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்காதவர். எங்கள் பாரில் சோடாகூடத் தொட மாட்டார். மத்திகிரியிலிருந்து கொண்டுவந்த மூடி போட்ட பித்தளைச் சொம்பில்தான் தண்ணீர். குடிகாரன் என்று எழுதி அனுப்பிய ஆளுக்கு எவன் வேலை கொடுப்பான்? பார்தான் கொடுத்தது.

"வேலை போனது போவட்டும் தம்பி. அந்த ஒரு வரிய அடிக்கணும். 'குடித்திருந்தார்'னு எழுதினான் பாரு, அந்த வரிய. எம்மவன் நாளைக்கு அதைப் படிப்பான்ல." மாதம் ஒரு மனு. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். என் தமிழ் இன்றைக்குப் பத்திரிகையில் வருகிறது என்றால், அது அந்த மனுக்களில் அடித்து அடித்துத் திருத்தித் தேறிய தமிழ்.

சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகும்போது அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாரில் போட்ட துணி பாரிலேயே தொங்கும். ஊருக்கென்று ஒரு வேட்டி, ஒரு சட்டை, தகரப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு இருக்கும். "பார் துணி எல்லை தாண்டக் கூடாது" என்பார். இன்னொரு பழக்கமும் இருந்தது. வரிசை போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "மூணாம் மேசைக்கு என்னா போச்சு? ஓரத்து மேசைக்கு எத்தினி?" என்று விசாரிப்பார். போலீஸ் புத்தி போகவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் ஒப்பிப்பேன்.

முப்பத்தோராவது மனுவுக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் மறுவிசாரணை, நேரில் ஆஜராகவும். அன்றைக்குப் பாரே கைதட்டியது. ஓரத்து மேசையிலிருந்து ஒருவர் நெகிழ்ந்துபோய், "நீங்க வேலைக்குத் திரும்பிட்டா எங்கள யாருங்க ஊதச் சொல்லுவாங்க?" என்றார்.

"நான்தான் சொல்லுவன். சாவடில நின்னுக்கினு."

கைதட்டல் டக்கென்று நின்றது. அன்றைக்கு அத்தனை பேரும் ஒரு ரவுண்டு சேர்த்துக் குடித்தார்கள்.

கஷ்டம் என்னவென்றால், அவருடைய ஊர்ச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் கிழிசலோடு நிற்பதா? என்னிடம் ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. மிலிட்டரி ஏலத்தில் வாங்கியது. குளிர்நாளில் அதைப் போட்டுக்கொண்டுதான் சப்ளை செய்வேன்.

"பார் துணிடா அது."

"ரெண்டு தரம் சோப்புப் போட்டுத் தொவச்சு, ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டங்கண்ணா. நான் மோந்து பாத்தன், சோப்பு வாசம்தான் வருது. நீங்களே பாருங்க."

கோட்டை முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மீசை ஆடியது. கொஞ்சம் அதிக நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

"பாஸ்" என்றார்.

திங்கட்கிழமை விடிகாலைப் பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினோம். விசாரணைக்குத் துணையாக இருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்வரலாம் என்று எனக்கு எண்ணம். ஜன்னலோரம் அவர். வழியில் தூறல் விழுந்து கோட்டின் தோள் நனைந்தது. சாவடியில் ஏறிய கான்ஸ்டபிள் அவரிடம் வேலை பழகியவன்.

"ஏட்டய்யா, வணக்கமுங்க! சௌக்கியமா?" என்று வாயெல்லாம் சிரிப்பாக வந்தவன், இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டான். சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. "ஐயா... கொஞ்சம் ஊதுங்கய்யா."

ஆயிரம் பேரை ஊதச் சொன்ன மனிதர் ஊதினார்.

"வாய்ல ஒண்ணுமில்லீங்க. ஆனா ஒடம்பெல்லாம் ரம்மு வீசுதுங்களே."

பின்சீட்டில் ஒரு அம்மா ஏற்கெனவே முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நனைந்த கம்பளி, இரண்டு வருஷமாகக் குடித்ததையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, "அது என் கோட்டுங்க! என் கோட்டு!" என்று கத்தினேன்.

"அப்ப நீயும் எறங்கு" என்றான்.

ஓசூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் டாக்டருக்காகக் காத்திருந்தோம். சுவரில் இருந்த கடிகாரம் பத்து அடித்தது. பிறகு பதினொன்று அடித்தது.

"ஏண்ணா, எனக்குத்தான் பார்லயே கெடந்து மூக்கு மரத்துப் போச்சு. உங்களுக்குமா தெரில?"

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு வருசம் முன்ன வெசக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு தம்பி. மல்லிப்பூவும் தெரில, மாட்டுச்சாணியும் தெரில."

"அப்ப இத்தினி பேருக்கு பாஸ் போட்டது?"

"உன்னக் கேட்டுத்தான். மிச்சத்துக்குக் கண்ணப் பாப்பன், நிக்கற நெலையப் பாப்பன்."

"சொல்லியிருக்கலாமில்லண்ணா."

"என்னாத்த சொல்றது? மூக்கு இருக்கற வரைக்கும் ஊது ஏட்டு. அதுவும் போச்சுன்னா காயிதத்துல எழுதியிருக்கற குடிகாரன்தான மிச்சம்?"

"மூக்கில்லாம சாவடில என்ன பண்ணியிருப்பீங்க?"

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கோணல் எழுத்து. நான் எழுதாத ஒரே மனு. ராஜினாமாக் கடிதம். வரியை அடித்த அன்றைக்கே கொடுக்க எழுதி வைத்திருந்தாராம்.

பிற்பகலில் டாக்டர் நல்லபடியாகத்தான் எழுதினார். குடிக்கவில்லை, உடையில் மது வாசம் இருந்தது. கேஸ் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது விசாரணை அறையைப் பூட்டியிருந்தார்கள். எழுத்தர் ஒருவர் ஃபைலைப் பார்த்துச் சொன்னார்: ஆஜராகவில்லை, மது வாசத்துடன் எல்லைச் சாவடியில் இறக்கப்பட்டதாகத் தகவல். ஒரு வரியை அடிக்கப் போனவர், இன்னொரு வரி சேர்த்துக்கொண்டு திரும்பினார். அதற்கு மையும் நான்தான், பேனாவும் நான்தான். திரும்பும் பஸ்ஸில் கோட்டைக் கழற்றி, மடித்து என் மடியில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மறுபடி ஸ்டூல். மறுபடி "லைன்!" ஒன்றும் மாறவில்லை. நான் மட்டும் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, ஊதுகிறவன் எத்தனை குடித்தான் என்பதை அவர் முதுகில் விரலால் தட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு தட்டு பாஸ், இரண்டு தட்டு நட, மூன்று தட்டு ராத்தங்கல். அதற்குப் பிறகு எவனும் சாவடியில் மாட்டவில்லை. ஏட்டின் மூக்கு முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது என்று வாடிக்கைகள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாசி மாதம் கடைசிக் காகிதம் வந்தது. சாயந்திரம் அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மனு நிராகரிக்கப்பட்டது, இனி இது தொடர்பான கடிதங்கள் ஏற்கப்படமாட்டா. "ம்" என்றார். மடித்துச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்கட்டுக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டு கிளாஸ் ரம்மைத் தண்ணீர் கலக்காமல் குடித்தேன். இனி இந்த ஊரில் இருக்க முடியாது, கடைசி பஸ்ஸில் ஊருக்கே போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தது. அவர் முதுகில் தட்டிச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

"ஊது."

ஊதினேன். அவர் கண்ணை மூடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்தங்கல்" என்றார்.

"எப்பிடிண்ணா தெரிஞ்சுது?"

"நாலு வருசமா பாக்கற மூஞ்சிடா. அதுக்கு மூக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, தன் சொம்பின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். யாரையும் தொடவிடாத சொம்பு. "குடி. போய்ப் படு. கோட்ட போத்திக்க, குளுரு."

பஸ் போய்விட்டது. நான் போகவில்லை.

இப்போது ஏட்டும் இல்லை, அந்தப் பாரும் இல்லை. சாவடியில் யாரும் பஸ் ஏறி முகர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் எப்போது அந்த வழியாகப் போனாலும், எல்லை வருகிறபோது ஜன்னல் பக்கம் திரும்பி, பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்காத மாதிரி, மெல்ல ஒரு தரம் ஊதிக் காட்டிவிட்டுத்தான் நான் ஓசூருக்குள் நுழைகிறேன்.