ஆட்டுக் குளம்பு ஒட்டியாணம்

அடுத்தவர்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவன் நான். கட்டுமானக் கம்பெனிகளில் பிளானிங் என்ஜினீயர் என்று ஒரு பிறவி உண்டு. எந்த மாடிக்கு என்றைக்குக் கான்கிரீட் போட வேண்டும், தாமதமானால் யாரைத் திட்ட வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் போட்டு வைப்பார். செங்கல்லைக் கையால் தொட மாட்டார். அப்படிப்பட்டவன், கட்டின பெண்டாட்டியை ஒரே ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்ட கதை இது.

அப்போது துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் ஒற்றை அறை ஃப்ளாட்டில் இருந்தேன். கல்யாணமான முதல் வருடம். பவானி புதுக்கோட்டையில் பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர். கோடை விடுமுறைக்கு விசிட் விசாவில் வந்திருந்தாள். வந்த நாள் முதல் தங்கக் கடை, துணிக்கடை எதையும் அவள் கேட்கவில்லை. நானே வலியக் கூட்டிப்போன கடைத்தெருவில்கூட, தண்ணீர் விற்பவர் ராகம் போட்டுக் கூவுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அவள் ஒரு துணுக்கைப் படித்தாள். மலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர், அந்த நாட்டு ஜனங்களின் பழைய பாட்டு வாத்தியங்களைச் சேர்த்துத் தன் வீட்டையே மியூசியமாக்கி வைத்திருக்கிறாராம். அதில் ஆட்டுக் குளம்புகளைக் கோத்து இடுப்பில் கட்டும் ஒரு வாத்தியம் உண்டாம். ஆடினால் கலகலவென்று சத்தம் வருமாம்.

"ஒட்டியாணமே வாத்தியமாங்க? அப்ப தாளத்தை யாரு புடிக்கிறது, காலா இடுப்பா?" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஒரு நாள் லீவு போடுங்களேன். எனக்கு அது ஒண்ணு மட்டும் பாக்கணும்" என்றாள்.

நான் சிரித்தேன். லீவா? நான் ஒரு நாள் போகாவிட்டால் பன்னிரண்டு மாடிக் கட்டடம் அப்படியே நின்றுவிடும் என்று விளக்கினேன். (உண்மையில் மேனேஜரிடம் லீவு கேட்கப் பயம். அதை எந்தப் புது மாப்பிள்ளை ஒப்புக்கொள்வான்?) அவள் ஊருக்குக் கிளம்புவது சனிக்கிழமை மாலை. எனக்கு வாராந்திர விடுமுறை வெள்ளி ஒன்றுதான். வெள்ளியன்று போவதாக வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து திட்டம் தீட்டினேன். எழுந்திருப்பது, குளிப்பது, புளிச்சோறு கட்டுவது, அந்தோணி கார் கொண்டுவருவது என்று நாற்பத்துச் சொச்சம் வேலைகள். அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்து ஏசி மெக்கானிக், என் சினேகிதர். டிரைவிங் டெஸ்டில் நான் நான்கு முறை தோற்றிருந்ததால் அவருடைய காரே கதி. தனி ஃபைல் திறக்கச் சோம்பல்பட்டு, கட்டடத்தின் திட்டத்துக்கு அடியிலேயே எங்கள் பயணத்தையும் சேர்த்துவிட்டேன். அச்செடுத்ததும் அழித்துவிடலாம் என்று நினைப்பு.

ஆனால் சாஃப்ட்வேர் மக்கர் பண்ணியது. 'மியூசியம் பார்த்தல்' என்று எழுதி வெள்ளிக்கிழமை தேதி கொடுத்தால், அது தானாகச் சனிக்கிழமைக்குத் தள்ளியது. மறுபடி வெள்ளி கொடுத்தேன். மறுபடி சனி, காலை பதினொரு மணி. அதன் காலண்டரில் வெள்ளி விடுமுறை நாள், அன்றைக்கு எதுவும் நடக்காது என்பது அதன் கட்சி. எனக்கே பாடமா என்று கோபம் வந்து, காலண்டரைத் திறந்து எல்லா வெள்ளியையும் வேலை நாளாக மாற்றினேன். அடங்கியது.

அதோடு விட்டேனா? மியூசியத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் வழி, டிக்கெட், கார் நிறுத்தும் இடம், செருப்பு, போட்டோ, கழிவறை எல்லாம் விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் "அச்சா, அச்சா, வாங்க" என்றார். எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. வெள்ளியைத் தவிர வேறு கிழமையில் ஒருவன் ஊர் சுற்றுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளியன்று ஒருவன் வந்து நிற்பான் என்று அவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை திட்டப்படி, நிமிஷம் பிசகாமல், மலையைத் தாண்டி அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். இரும்புக் கேட்டில் பூட்டு. உள்ளேயிருந்து வந்த பட்டாணியக் காவலாளி, இன்று ஜும்மா, தொழுகை நாள், மியூசியம் கிடையாது, முதலாளியும் ஊரில் இல்லை என்றார். நான் நம்ப மறுத்து, மடித்து வைத்திருந்த பெரிய தாளை விரித்து, வண்ண வண்ணக் கோடுகளைச் சுட்டிக்காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பளத்துக்கு நல்ல டிசைன் என்று பாராட்டினார்.

அவருக்கே இரக்கம் வந்து, பவானியை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்க்க விட்டார். உள்ளே சுவரில் வெறும் ஆணிதான் இருந்ததாம். ஒட்டியாணத்தை ஒரு கல்யாணத்தில் ஆடுவதற்காகப் பெரியவர் எடுத்துப்போயிருந்தார், நாளைக் காலை திரும்பிவிடுவார். திரும்பும் வழியில் அந்தோணிதான் பொறுக்காமல், "மைனி, ஆணியாவது நல்ல ஆணியா?" என்று கேட்டார். (அவர் ஊரில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) பவானி சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். ஒரு நாள் லீவு கேட்க வக்கில்லாத என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீசில் மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லெபனான்காரர், யாரையும் பார்த்துச் சிரிக்காதவர். கட்டடம் இரண்டு மாதம் முன்னதாகவே முடிகிறதாமே, இப்போதே திட்டத்தைப் பார்த்துவிட்டு உரிமையாளருக்குப் போன் செய்யப் போகிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மாற்றியது எங்கள் பயணத்தின் வெள்ளியை மட்டுமல்ல. முழுக் கட்டடத்தின் வெள்ளிக்கிழமைகளையும் வேலை நாளாக்கியிருந்தேன். அதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் அவர் கம்ப்யூட்டரில், நான் அழிக்க மறந்திருந்த கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். லிஃப்ட் பொருத்துதல், பெயின்ட் அடித்தல் எல்லாம் தாண்டி அங்கே நின்றார். அத்தனை என்ஜினீயர்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"வைஃப். வேரிங் சாரி. டூ அவர்ஸ்."

நான் முழுக் கதையையும் உளறினேன், ஆணி உட்பட. அவர் முகம் சிவந்தது சிரிப்பை அடக்கியதாலா, கோபத்தாலா என்று இன்றுவரை தெரியாது. "கலாஸ்" என்றார், முடிந்தது என்று கையை விரித்து. "இன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதே. வீட்டுக்குப் போ. யல்லா."

வேலை போய்விட்டது, விசாவும் போகும், பவானி முன்னால் போகட்டும், பின்னாலேயே நானும் போவேன் என்று புலம்பியபடி ஒன்பது மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"அப்ப இன்னைக்கு லீவுதானே?" என்றாள். "கிளம்புங்க."

ஒரு டாக்சியில், ஊருக்குக் கட்டிய பெட்டிகளையும் டிக்கியில் போட்டுக்கொண்டு, எந்தத் திட்டமும் இல்லாமல் கிளம்பினோம். அந்தக் கேட்டுக்குள் நுழையும்போது மணியைப் பார்த்தேன். பதினொன்று.

ஆணியில் ஒட்டியாணம் தொங்கியது. துணிப்பட்டை முழுக்க வரிசை வரிசையாகக் கறுத்த குளம்புகள். வெள்ளை அங்கி அணிந்த பெரியவரிடம் பவானி தன் சந்தேகத்தைக் கையாலும் காலாலும் கேட்டாள். அவர் அதைப் புரிந்துகொண்டு, சுற்றிலும் பார்த்தார். அதைக் கட்டி ஆடுவது ஆண்கள்தானாம், அவர் கைக்கு எட்டிய தூரத்தில் நின்ற ஆண்பிள்ளை நான்தான். ஆபீஸ் சட்டை, டை, கழுத்தில் அடையாள அட்டை, அதற்குக் கீழே இடுப்பில் ஆட்டுக் குளம்புகள். பெரியவர் முரசை எடுத்துத் தட்டினார். நான் குதித்தேன். அவர் "மாஃபி, மாஃபி", அப்படி இல்லை என்று தலையாட்டிவிட்டு, கால் அசையக் கூடாது என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இடுப்பை மட்டும் அசைத்தேன். கலகலவென்று மழை பெய்த மாதிரி ஒரு சத்தம்.

"இடுப்புதாங்க," என்றாள் பவானி, கண்ணை மூடிக்கொண்டு. "தாளம் இடுப்புலதான் இருக்கு. நிறுத்தாதீங்க." நான் நிறுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. டாக்சி டிரைவர் அதைப் போட்டோ எடுத்தார்.

வேலை போகவில்லை. ஞாயிறு காலை போனபோது, நேற்று எந்தத் தவறும் நடக்கவில்லை, நீ வராததால் இருக்கலாம் என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமைகளைத் திருத்தியிருந்தார். என் நாற்பது வரிகளையும் அழித்திருந்தார், ஒன்றைத் தவிர. சேலை கட்டும் நேரத்தை மட்டும் மூன்று மணி நேரமாக மாற்றி வைத்திருந்தார்.

அந்தப் போட்டோ இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அது தொங்கும் ஆணியைக் காட்டி, பவானி வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வெறும் ஆணியின் கதையைச் சொல்வாள். இன்றும் நான், "ஆபீஸ்ல வேலை இருக்கு, லீவு கிடைக்காது" என்று ஆரம்பித்தால் போதும். அவள் பதில் பேசுவதில்லை. என் மகளும் அவளும் எழுந்து நின்று, காலை அசைக்காமல், இடுப்பை மட்டும் ஆட்டுகிறார்கள். நான் லீவு போட்டுவிடுகிறேன்.