ஜோடி சேர்ந்த இரண்டு ஓட்டுகள்

"கிடேரி காலையிலேருந்து முக்கிக்கிட்டுக் கெடக்குது. கன்னோட ஒரு காலு மட்டுந்தான் வெளியே தெரியுது. மாட்டு டாக்டர் பனியில மாட்டிக்கிட்டாராம். நீங்க வந்தே ஆகணும்" என்றாள் போனில் மனைவி மார்லீன்.

"மத்தியானம் ஓட்டெடுப்புடி!"

"அதைக் கிடேரிகிட்ட சொல்லுங்க."

சட்டசபை உறுப்பினன் நோரிஸ் திபோடோ, மாநிலத் தலைநகர் ஆகஸ்டாவில் சபையின் நடையில், பாதி கடித்த டோனட்டோடு நின்றான். பால் விலை படுத்துவிட்ட பிறகு மேய்ச்சல் நிலத்தில் பாதியில் சூரியத் தகடுகள் நட்டிருந்தான். அந்த மின்சாரத்தைத் தன் கம்பியில் ஏற்ற மாட்டேன் என்றது மின்கம்பெனி. ஏற்றியே ஆகவேண்டும் என்பதுதான் இன்றைய மசோதா. தோற்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான். தலைகளை எண்ணிவிட்டான்: ஒரே ஒரு ஓட்டில் ஜெயம். அவன் போய்விட்டால் சமம். சமமென்றால் மசோதா செத்தது.

இதற்கு அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிறவர் எதிர்த்தரப்பில் ஒருவரை ஜோடி பிடித்துக்கொள்வார். இருவருமே ஓட்டுப் போடமாட்டார்கள், கணக்கு மாறாது. எல்லாம் வாய்ச்சொல்தான். அதை மீறியவரோடு யாரும் ஒரே மேஜையில் சாப்பிடமாட்டார்கள்.

முதலில் கேட்ட ஆள், "உன் மாட்டுக்கு நான் ஏன் லீவு எடுக்கணும்?" என்றார். அடுத்தவர் சிரித்தே தீர்த்தார். மூன்றாவதாக லூசில் மிஷோ. காகித ஆலை ஊர்க்காரி. இருபது வருடமாக மின்கம்பெனி பக்கமே கை தூக்கியவள். வாயிற்காவலர் ரோலண்டோடு கதவருகே நின்றிருந்தாள்.

"அக்கா, எனக்கு ஜோடியா வெளியே உக்காருங்க!"

"நோரிஸ், நானே உன்னைத் தேடிட்டிருந்தேன் தம்பி. ஒரு விஷயம்..."

"மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

"அது இல்லப்பா. இந்த மசோதா..."

"மசோதாவைப் பத்திச் சண்டை நாளைக்குப் போடலாம். அங்க உசிரு போகுது அக்கா! ஆமான்னு ஒரு வார்த்தை."

லூசில் அவன் முகத்தையே பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ஆமா" என்றாள்.

"சத்தியம்?"

"சத்தியம்."

அவன் ஓடினான்.

பாதி வழியில், பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு ஒரு கார் கிடந்தது. பக்கத்தில் கிளேட்டன் பெரி, பனியை மிதித்துக்கொண்டு. நோரிஸின் கட்சிக்காரன், மசோதாவுக்கு நிச்சயமான ஓட்டு.

"யோவ்! நீ சபையில இருக்கிறதா இல்ல நான் எண்ணி வச்சிருக்கேன்!"

"சாப்பிடத்தான் வீட்டுக்குப் போனேன். காரை இழுத்து விடுய்யா, நேரமாச்சு!"

நோரிஸ் சங்கிலி மாட்டி இழுத்தான். காரின் பின்பக்கத் தகடு மட்டும் கழன்று வந்தது. இன்னும் கொஞ்சம் ஓரமாக நின்று இழுத்தால் வரும் என்றான் கிளேட்டன். ஓரமாக நின்றதில் நோரிஸின் வண்டியும் பள்ளத்தில் இறங்கி, காருக்குத் துணையாகப் படுத்துக்கொண்டது.

வேறு வண்டி எதுவும் வரவில்லை. லூசிலோடு ஜோடி போட்டுவிட்டு வந்ததை நோரிஸ் சொன்னான். போனில் சபை நடவடிக்கை ஓடியது. இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கேட்டார்கள்.

ஓட்டுகள் சமம். மசோதா தோற்றது.

நோரிஸ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போது மார்லீன் கூப்பிட்டாள்.

"டாக்டர் வேண்டாம், நீங்களும் வேண்டாம். தானாவே திரும்பிப் பொறந்துடுச்சு. கிடேரிக் கன்னு! அங்க என்ன ஆச்சு?"

"தோத்துடுச்சு" என்றான். எந்தக் கன்றும் இனி அந்தக் கொட்டகையில் வளரப்போவதில்லை.

"அந்தம்மா உள்ள பூந்து ஓட்டுப் போட்டிருப்பா. கம்பெனி ஆளாச்சே!" என்றான் கிளேட்டன்.

"நீ இல்லாததாலதான் சமம் ஆச்சு. அவங்களைச் சொல்லாத." இருந்தாலும் மனம் கேட்காமல் நோரிஸ் ரோலண்டைப் போனில் கூப்பிட்டான். "லூசில் அக்கா சொன்னபடி வெளியேதானே இருந்தாங்க?"

"இருந்தாங்க சார், இன்னும் பெஞ்சுலதான் உக்காந்து அழுதுட்டிருக்காங்க. இருபது வருஷத்துல முதல் தடவையா இன்னிக்கு உங்க பக்கம் ஓட்டுப் போடலாம்னு வந்திருந்தாங்களாம்; நீங்கதான் சத்தியம் வாங்கிட்டீங்களாமே!"